டி.எஸ்.எச். கூடினால் என்ன பொருள்?



திருச்சுழிப் பக்கத்துத் தாயார் ஒருவர் மருமகளின் இரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார். "ஐயா, டி.எஸ்.எச். 18 என்று கூடுதலாகப் போட்டிருக்கிறது. டாக்டரம்மாவோ சுரப்பு குறைவு என்கிறார்கள். எது சரி?" என்று கேட்டார். இரண்டும் சரிதான்.

கழுத்தின் முன்புறம் இருக்கும் தைராய்டு சுரப்பியே உடலின் சூட்டையும் சுறுசுறுப்பையும் காக்கிறது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி அதை வேலை வாங்குகிறது. அருப்புக்கோட்டை நூற்பாலைகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வேலை மந்தமானால் மேஸ்திரியின் குரல் உயரும் அல்லவா? டி.எஸ்.எச். அந்தக் குரல்தான்.

பெரியவர்களுக்கு இது சுமார் 0.4 முதல் 4 வரை இருக்கலாம். சற்றுக் கூடினால் மறுபடி சோதித்துப் பார்ப்பார்கள். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும்.

கவனியாமல் விட்டால் ஓயாத களைப்பு, உடல் பருமன், மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிடாய்க் கோளாறு ஆகியவை வரும். கொலஸ்ட்ரால் கூடி இருதயமும் பாதிக்கப்படலாம். கருத்தரிப்பது தாமதமாகலாம்; கரு கலையலாம். முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்வது தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான். ஆகையால் கர்ப்பிணிகள் தாமதிக்கலாகாது.

காரணம் என்ன? உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவது ஒன்று. அயோடின் குறைவு மற்றொன்று. தூத்துக்குடி உப்பு நமக்கு அருகில் விளைவதால், கடல் உப்பில் அயோடின் இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். காய்ந்த உப்பில் அது மிகச் சொற்பமே. ஆலையில் சேர்த்தால்தான் உண்டு. 2018-19ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 100 வீடுகளில் ஏறக்குறைய 62-இல்தான் போதிய அயோடின் கலந்த உப்பு இருந்தது. மாநிலங்களில் இதுவே மிகக் குறைவு. ஆனால் எதிர்ப்பு சக்தியால் வந்த நோய் உப்பை மாற்றுவதால் தீராது.

தைராக்ஸின் மாத்திரையை அதிகாலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்க வேண்டும். அரைமணி நேரமாவது கழித்தே காப்பி குடிக்கலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆறு முதல் எட்டு வாரங்களில் மறுபரிசோதனை செய்வார்கள். சுகம் தெரிந்தவுடன் தாமாக நிறுத்தக்கூடாது.

எல்லாவற்றையும் கேட்ட அந்தத் தாயார், "இது தெரியாமல் சோம்பேறி என்று ஏசிவிட்டேனே" என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

உங்கள் சபையிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இதைச் சொல்லுங்கள். எந்நேரமும் சோர்ந்திருக்கும் பெண்ணுக்குப் புத்தி சொல்லுமுன், ஒரு இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.