பறந்து போன பசுமைக்குடில்!

"சார், மொட்டை மாடியில ஒரு பசுமைக்குடில் போடலாம்னு இருக்கேன். எதை வாங்கினா ரொம்ப நாள் உழைக்கும்?"

வாக்கிங் போகிற இடத்தில் யாராவது இப்படி மடக்கினால், நான் பதிலுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "உங்க வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்?"

கேட்டவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். பட்டவனுக்குத்தானே தெரியும்!

எங்கள் வீடு பெசன்ட் நகரில். மாடியில் நின்று எட்டிப் பார்த்தால் ஊரூர் ஒல்காட் குப்பம். வரிசையாகப் படகுகள், காய்கிற வலைகள், அதற்கப்பால் வங்காள விரிகுடா. மாலையில் அடிக்கிற காற்றுக்காகவே அடுத்த தெருக்காரர்கள் எங்கள் மாடிக்கு வந்து உட்காருவார்கள். அந்தக் காற்றில் உப்பும் சேர்ந்து வருகிறது என்பது மட்டும் யாருக்கும் தோன்றாது.

மாடித் தோட்ட ஆசை என் மனைவிக்குத்தான் முதலில் வந்தது. நாலு தக்காளி, ரெண்டு கத்தரி என்று ஆரம்பித்து, ஒரு வருஷத்துக்குள் துணி காயப் போட இடமில்லாமல் போனது. மே மாத வெயிலில் செடிகள் வதங்கினதும், "என்னங்க, இதுக்கு ஒரு கூடாரம் போடக் கூடாதா?" என்றாள். போட்டேன். 2016 கோடையில்.

கடைக்காரர் வாய்ஜாலக்காரர். மெல்லிய இரும்புக் குழாய், 200 மைக்ரான் பாலிதீன் ஷீட், நாலு பக்கமும் மூடி, ஜிப் வைத்த கதவு. "பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேணாம் சார்!" என்றார். ஒரு விதத்தில் அவர் சொன்னது நிஜம். ஏழே மாசத்தில், திரும்பிப் பார்க்க அங்கே எதுவுமே இல்லை!

முதல் பிரச்னை வெப்பம். கண்ணாடி வீடும் பாலிதீன் வீடும் குளிர் தேசத்தார் கண்டுபிடித்தது. வெயிலை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலையே. ஊட்டி குளிருக்குச் சரி. சென்னையில் மேயில் 40 டிகிரி அடிக்கிறபோது இருக்கிற வெப்பத்தையும் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு என்ன செய்ய? பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் கொட்ட ஆரம்பிக்கும். எங்கள் குடிலில் பூ கொட்டியதோடு நிற்கவில்லை. செடியே வெந்து போய், உப்பு போட்டால் கூட்டு என்கிற பதத்தில் நின்றது.

இரண்டாவது, துரு. மூன்றாம் மாசமே ஸ்க்ரூ போட்ட துளைகளைச் சுற்றிக் காவி நிறத்தில் கண்ணீர் வடிந்திருந்தது. சுண்டு விரலால் தேய்த்தால் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வர்தா. 2016 டிசம்பர் 12. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. மதியம் மாடியில் 'டமார்' என்று ஒரு சத்தம். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்... என் பசுமைக்குடில், ஜிப் வைத்த கதவோடு, கிழக்கே போகலாமா தெற்கே போகலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, குப்பத்துப் பக்கம் பறந்து போனது!

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம். மறுநாள் காலை அதைத் தேடிக்கொண்டு போனபோதுதான் எனக்குக் கை கால் நடுங்கியது. குழாய் ஒன்று ஒரு வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. அந்த வீட்டில் ஒரு பாட்டியும் இரண்டு பேரப் பிள்ளைகளும். காற்று வலுக்கிறது என்று எதிரிலிருந்த கட்டட வீட்டுக்குப் போனவர்கள். போகாமல் இருந்திருந்தால்?

பாட்டியின் மகன் படகுக்காரர். வாசலில் நின்றிருந்தார். "இன்னா சார், உன் செடிக்கு நெழலு வோணும்னு எங்க கூரைய ஓட்டை போட்டுட்டியே!" என்றார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் இன்னும் சுட்டது. கூரைக்கு ஆன செலவைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பாட்டியின் முகத்தை மட்டும் நேராகப் பார்க்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவரையே மாடிக்குக் கூட்டி வந்தேன். "அண்ணே, எப்படிக் கட்டியிருக்கணும்? சொல்லுங்க" என்றேன். மிச்சமிருந்த பாலிதீனைத் தொட்டுப் பார்த்தார்.

"இது வூடு இல்ல சார், பாயி. பாய் கட்டினா அது ஓடாம இன்னா பண்ணும்? வலையா இருந்தா காத்து பூந்து போவும்."

அவ்வளவுதான் விஷயம்! காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளுகிற பலம் நாலு மடங்காகும் என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். அடையாற்றின் பிரசித்தி பெற்ற ஆலமரமே 1989-இல் புயலில் தாய் மரத்தைப் பறிகொடுத்தது. என் ஒண்ணேகால் அங்குலக் குழாய் எம்மாத்திரம்?

ஆக, பாலிதீன் வேண்டாம், நிழல் வலை. கடையில் 35, 50, 75, 90 சதவிகிதம் என்று கேட்பார்கள். அது எத்தனை சதவிகித வெயிலைத் தடுக்கும் என்கிற கணக்கு. காய்கறிக்கு 50 போதும். 75-க்கு மேல் போனால் ஆர்க்கிட், பெரணி சந்தோஷப்படும், கத்தரிக்காய் கோபித்துக்கொள்ளும். வலையில் இரண்டு ஜாதி. பட்டை நாடா மாதிரி இழையால் பின்னியது விலை மலிவு, சீக்கிரம் நைந்துவிடும். உருண்டை இழையில் பின்னியது விலை கூட, உழைக்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். கூரைக்கும் மேற்குப் பக்கத்துக்கும் மட்டும் வலை போதும். கடல் பக்கத்தைத் திறந்து விடுங்கள். மத்தியானம் வருகிற கடற்காற்றுதான் செடிகளுக்கு ஓசி ஏர்கண்டிஷனர்.

செலவு செய்ய வேண்டியது சட்டத்துக்கு. வலை போனால் வேறு வலை. சட்டம் போனால் கூரை பொத்தும். துத்தநாகக் குழம்பில் முக்கி எடுத்த 'ஹாட் டிப்' ஜி.ஐ. பைப்பாகப் பார்த்து வாங்குங்கள். நீலக் கோடு போட்ட பி கிளாஸ் கனமாக இருக்கும். வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோய், துரு அங்கேயே குடித்தனம் ஆரம்பிக்கும். கிளாம்ப் போட்டு முடுக்குங்கள். துளை போட்டே ஆகவேண்டுமானால் உடனே துத்தநாகப் பெயின்ட் அடித்து மூடுங்கள். அலுமினியம் துருப்பிடிக்காதே என்று சிலர் போகிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அதில் இரும்பு ஸ்க்ரூ போட்டால், உப்புக் காற்றில் அந்த இடத்திலேயே அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் பிளாஸ்டிக் வாஷராவது வேண்டும். சவுக்குக் கம்பு? இரண்டு வருஷத்துக்குத் தாராளமாக வரும்.

தளத்தில் துளை மட்டும் போடாதீர்கள். மழைக்காலத்தில் கீழ் வீட்டுக்காரர் குடையோடு வந்து நிற்பார். 20 லிட்டர் பெயின்ட் டப்பாவில் காலை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றினால் ஒவ்வொன்றும் 48 கிலோ. உத்தரத்துக்கு மேலாக, சுவரோரமாக வையுங்கள். அதோடு கைப்பிடிச் சுவரிலும் ஒரு பிடிப்பு இருக்கட்டும். மழை இல்லாத மாசங்களில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சட்டத்தை நல்ல தண்ணீரில் கழுவி விட்டால் உப்பு தங்காது.

இதெல்லாம் எந்த இன்ஜினீயரும் சொல்வார். படகுக்கார அண்ணன் சொன்ன ஒன்றைத்தான் யாரும் சொல்லவில்லை.

"வருஷம் பூரா எதுக்கு சார் கட்டி வெச்சிக்கீற? ஐப்பசி, கார்த்திகைல வெய்யிலே இல்லியே!"

யோசித்துப் பாருங்கள். செடிக்கு நிழல் வேண்டியது மார்ச் முதல் செப்டம்பர் வரை. புயல் வருவது அக்டோபருக்கு மேல். அப்போது மூட்டம் போட்ட வானத்துக்குக் கீழே செடிகள் இருக்கிற வெளிச்சமும் போதாமல் தவிக்கும். வலையே தேவையில்லை! கழற்றி வைத்தால் புயலுக்கும் பயமில்லை, வலைக்கும் வெயிலிலிருந்து லீவு, ஆயுசு கூடும். அதனால் வலையைக் கம்பி போட்டு முறுக்காமல் நைலான் கயிற்றில், ஒரு முனையை இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போட வேண்டும். அந்த முடிச்சை எனக்குக் கற்றுக்கொடுக்க அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. என் மனைவிக்கு ஐந்து நிமிஷம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து ஊரே தண்ணீரில் நின்றபோது, எங்கள் வலை மடித்துக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. மாடியில் வெறும் சட்டம் மட்டும் ஊசைக் காற்றில் ஊதல் போட்டுக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி நான் தூங்கினேன்.

இப்போதெல்லாம் ஆயுத பூஜை முடிந்த வாரம், மீன் கூடையோடு தெருவில் வருகிற அந்தப் பாட்டி எங்கள் கேட்டில் நின்று குரல் கொடுப்பது வழக்கம்.

"யம்மா... வலைய எறக்கிட்டியா?"

"இறக்கியாச்சு பாட்டி!" என்று மாடியிலிருந்து என் மனைவி கத்துவாள். பிறகு ஒரு பை நிறையப் பாகற்காயோடு கீழே ஓடுவாள்.

போன தடவை பையைத் திறந்து பார்த்த பாட்டி முகத்தைச் சுளித்தார். "பாவக்காதானா? கொழம்புக்குப் போட ஒரு மாங்கா மரம் வெக்கக் கூடாதா?"

மனைவி இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மொட்டை மாடியில், மாமரம்!