"உலகம் அழிஞ்சிருமாம்மா?" பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நம்ம கூட்டங்களில் மனசு விட்டுப் பேச ஆரம்பிப்போம். சமீபமாக அந்தப் பேச்சில் ஒரு விஷயம் அடிக்கடி வருகிறது. "மழை பெருசா பேஞ்சா எம் பையன் தூங்க மாட்டேங்கான்", "உலகம் சூடாகி நாம எல்லாரும் செத்துருவோமான்னு நாலாப்பு படிக்கிற புள்ள கேக்குது" என்று ராஜபாளையம் பக்கமும் சொல்கிறார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமும் சொல்கிறார்கள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் உள்ளுக்குள் கலக்கம் இருப்பது தெரிகிறது.

உலகம் அழியப் போகுது என்ற பேச்சு நமக்குப் புதிது இல்லை. 1979-ல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளிக் கூடம் தலையில் விழப் போகிறது என்று ஊர் ஊராகப் பயந்தார்கள். சாகத்தானே போறோம் என்று ஆடு, கோழியை அடித்துச் சாப்பிட்ட கதையை வயசான ஆட்கள் இன்னும் சொல்வார்கள். அது ஜூலை 11-ம் தேதி இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் போய் விழுந்தது. 2012 டிசம்பர் 21-ல் உலகம் முடியும் என்றார்கள், மறுநாளும் பால்காரர் வந்தார். அந்தப் பழக்கத்தில்தான் பிள்ளைகளிடமும் "போடா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிடுகிறோம்.

ஆனால் இன்றைக்குப் பிள்ளைகள் கேட்பதை வதந்தி என்று தள்ள முடியாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம்ம மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையை விட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் நிலச்சரிவு, 250 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். பெரியவர்கள் பார்த்துவிட்டு வேலைக்குப் போனோம். பிள்ளைகள் மனசில் அது தங்கிவிட்டது.

பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முதலில் நமக்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிக்கிற புகை பூமியைச் சுற்றிப் போர்வை மாதிரி சேர்ந்து சூட்டை வெளியே விடாமல் வைக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். அதனால்தான் பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. இது மெதுவாக வருஷக்கணக்கில் நடக்கிற மாற்றம். நாளைக்குக் காலையில் உலகம் முடிந்துவிடாது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குப் புரிய வைத்தாலே பாதி பயம் குறையும்.

"நம்ம மலையும் சரிஞ்சிருமா?" என்று மலையடிவாரப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பொய் சொல்ல வேண்டாம். வயநாடு தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிற பக்கம். நாம் மலைக்குக் கிழக்கே, அந்த மழைக்கு மறைவில் இருக்கிறோம், நமக்குப் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான். அங்கே வீடுகள் மலைச்சரிவிலேயே ஆற்றோரம் இருந்தன, நம்ம ஊர்கள் சமவெளியில் இருக்கின்றன. அதே சமயம், 2015 மே மாதம் சதுரகிரி ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்ததும் உண்மை. "மலையில மேகம் கறுத்தா ஓடையில இறங்கக் கூடாது, அய்யனார் கோவில் ஆத்துல குளிக்கக் கூடாது" என்று சேர்த்தே சொல்லுங்கள். என்ன செய்யணும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும்.

பதில் சொல்வதற்கு முன்னால் "நீ என்ன கேள்விப்பட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் செல்போனில் பார்த்த வீடியோவாக இருக்கும். கம்ப்யூட்டரில் செய்த பொய் வெள்ளம், பொய் பூகம்பம் எல்லாம் இப்போது நிஜம் மாதிரியே வருகிறது. படுக்கப் போகும்போது போனை வாங்கி வைத்துவிடுங்கள். (நாமும் கீழே வைக்க வேண்டியிருக்கும், அதுதான் கஷ்டம்.) இன்னும் சில பிள்ளைகள் உலகத்தைப் பற்றிக் கேட்பது போலத் தெரியும், உண்மையில் வீட்டைப் பற்றிக் கேட்கும். மாம்பூ கருகிப்போன வருஷம், மில்லில் வேலை குறைந்த மாசம், தவணைக்காக அப்பாவும் அம்மாவும் போட்ட சண்டை, இதெல்லாம் அதன் காதில் விழுந்திருக்கும். "மழை இல்லேன்னா நாம என்ன செய்வோம்?" என்பதற்கு வீட்டு நிலைமையை அதன் வயசுக்குத் தக்கபடி சொல்வதுதான் பதில்.

இந்தக் கவலை நம்ம வீட்டில் மட்டும் இல்லை. 2021-ல் இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரை உள்ள 10,000 பேரிடம் கேட்டபோது, 100-க்கு 59 பேர் பருவநிலை மாற்றம் பற்றி மிகவும் கவலையாக இருப்பதாகச் சொன்னார்கள். கவலையோடு வேலையும் செய்த பிள்ளை நம்ம தமிழ்நாட்டிலேயே உண்டு. திருவண்ணாமலை பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், கரி இல்லாமல் சூரிய சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். எல்லாப் பிள்ளையும் கண்டுபிடிப்பாளர் ஆக வேண்டியதில்லை. ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், மார்க் ஷீட்டை ஒரு பாலித்தீன் பையில் போட்டு வைக்கிற பொறுப்பைக் கொடுங்கள். கண்மாயில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வாரம் ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் எந்த மேட்டுக்குப் போவது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறது, விட்டிருந்த படுக்கையில் சிறுநீர் போவது திரும்ப வருகிறது, "செத்துப் போயிரலாம்" என்ற வார்த்தை வருகிறது என்றால் மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நிறுத்திவிட வேண்டாம். கடைசியாகச் சொன்னதற்கு இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே கூட்டிப் போங்கள். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மனாஸ் எண்ணுக்கு இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பதில் கிடைக்கும். பிள்ளையே பேச நினைத்தால் 1098. இரண்டு எண்ணையும் தீர்மான நோட்டின் அட்டையில் எழுதி வைக்கும்படி ஊக்குநர்களையும் பிரதிநிதிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.