பதில் சொன்னது எந்த விமானம்?

கட்டுப்பாட்டுக் கோபுரத்தைப் பூட்டிவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு அங்கே விமானம் இறங்கலாமா? நம் நாட்டுப் பயணிக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாக இருக்கும். இங்கே கோபுரம் இயங்கும் நேரத்தை 'வாட்ச் ஹவர்ஸ்' என்பார்கள். விமானம் தாமதமானால் அந்த நேரத்தை நீட்டித்துத் தரும்படி விமான நிறுவனம் கேட்டுப் பெற வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பொதுப் பயன்பாட்டில் உள்ள விமான நிலையங்கள் சுமார் 5,000. கோபுரம் இருப்பவை 500 சொச்சம்தான். அவற்றிலும் பல இரவில் மூடப்படும். மூடிய பிறகும் ஓடுபாதை திறந்தே இருக்கும். அதுவரை கோபுரத்தோடு பேசிய அலைவரிசை, அதன்பின் விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது அலைவரிசையாகிவிடும். 'நான் இங்கே இருக்கிறேன், இந்த ஓடுபாதையில் இறங்கப் போகிறேன்' என்று ஒவ்வொருவரும் அறிவிப்பார்கள். மற்றவர்கள் கேட்டு, பார்த்து, விலகிக்கொள்வார்கள். அனுமதி தரவோ, 'நில்' என்று தடுக்கவோ ஆள் கிடையாது.

அன்று

1996 நவம்பர் 19. இல்லினாய் மாநிலத்தின் குயின்சி நகர விமான நிலையம். அங்கே கோபுரமே கிடையாது. மாலை 5 மணி அளவில், 10 பயணிகளும் 2 விமானிகளும் இருந்த பீச்கிராஃப்ட் 1900 ரக விமானம் ஒன்று 13-ஆம் எண் ஓடுபாதையில் இறங்க வந்துகொண்டிருந்தது. அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் 4-ஆம் எண் ஓடுபாதையில் கிங் ஏர் என்ற சிறிய விமானம் புறப்படத் தயாராக நின்றது. அதன் பின்னால், தன் முறைக்காக ஒரு செரோக்கி விமானம் காத்திருந்தது.

இறங்க வந்த விமானத்தின் கேப்டன் தன் இடத்தை அறிவித்தபடியே வந்தார். 4-ஆம் ஓடுபாதையில் இருக்கும் விமானம் அங்கேயே நிற்கப் போகிறதா, கிளம்பப் போகிறதா என்று வெளிப்படையாகவே கேட்டார். கிங் ஏர் வாய் திறக்கவில்லை. பின்னால் நின்ற செரோக்கியின் விமானி, தான் காத்திருப்பதாகப் பதில் சொன்னார். தன் பதிவெண்ணைச் சொன்னவர், தான் செரோக்கி என்று சொல்லவில்லை. அதே நேரத்தில், தரை நெருங்குவதைச் சொல்லும் எச்சரிக்கைக் குரல் கேப்டன் இருந்த விமானி அறைக்குள் ஒலித்து அந்தப் பேச்சோடு கலந்தது. கிங் ஏர்தான் பதில் சொல்லியிருக்கிறது என்று நம்பி, நன்றி சொல்லிவிட்டு அவர் இறங்கினார்.

கிங் ஏர் புறப்பட்டது. இரண்டு ஓடுபாதைகளும் சந்திக்கும் இடத்தில் இரண்டு விமானங்களும் மோதின. கிங் ஏரில் இருந்த இருவரையும் சேர்த்து 14 பேரும் இறந்தார்கள்.

மோதலின் வேகம் மட்டுமே அத்தனை உயிரையும் எடுத்துவிடவில்லை என்பதுதான் விசாரணையில் தெரிந்த பெருங்கொடுமை. பெரிய விமானத்தில் இருந்தவர்கள் மோதலுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். ஓடி வந்தவர்களால் அதன் கதவைத் திறக்க முடியவில்லை. பரவிய தீயை அணைக்க நிலையத்தில் தீயணைப்பு வண்டி இல்லை. 30 இருக்கைக்கு மேற்பட்ட விமானங்கள் வந்துபோகும் நிலையங்களுக்கு மட்டுமே அது கட்டாயம் என்பது அன்றைய விதி. கிங் ஏரின் விமானிகள் அலைவரிசையைக் கவனிக்கவில்லை, சுற்றிலும் பார்க்கவும் இல்லை என்பதையே முதன்மைக் காரணமாகப் புலனாய்வாளர்கள் குறித்தார்கள்.

இன்று

நிறையவே மாறியிருக்கிறது. 2004-இல் விதியைத் திருத்தி, 10 முதல் 30 இருக்கை வரையுள்ள விமானங்கள் அட்டவணைப்படி வந்துபோகும் நிலையங்களையும் சான்றிதழ் வளையத்துக்குள் கொண்டுவந்தார்கள். காற்று, மேகம், பார்வைத் தூரம் எல்லாவற்றையும் தானியங்கிக் கருவி அளந்து, நள்ளிரவிலும் குரலாகச் சொல்கிறது. கோபுரத்தில் ஆள் இல்லாவிட்டாலும் விமானி தன் ஒலிவாங்கிப் பொத்தானை 5 நொடிக்குள் 7 முறை அழுத்தினால் ஓடுபாதை விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரியும்.

பெரிய மாற்றம் ஏடிஎஸ்-பி என்ற கருவி. விமானம் தன் இடம், உயரம், வேகத்தை இடைவிடாமல் தானே ஒலிபரப்ப, பக்கத்து விமானி அதைத் தன் திரையில் பார்க்கிறார். 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பெரும்பாலான வான்பகுதிகளில் இது கட்டாயம். ஆனால் கோபுரம் இல்லாத பல சிற்றூர் நிலையங்களைச் சுற்றி இது கட்டாயமில்லை. கருவி இல்லாத விமானம் திரையில் தெரியாது. திரை காலியாக இருந்தால் ஓடுபாதையும் காலி என்று அர்த்தமில்லை.

கோபுரத்தையே தூரத்துக்கு நகர்த்தியவர்களும் உண்டு. சுவீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் நிலையத்தை, 2015 முதல் 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் சுண்ட்ஸ்வாலில் உட்கார்ந்து, கேமராக்கள் வழியே பார்த்து இயக்கினார்கள். உலகில் இப்படி நடந்தது அதுதான் முதல்முறை.

மாறாதது

இவ்வளவு வந்த பிறகும் பழைய தவறு புது இடத்தில் தலைகாட்டியது. ஆஸ்திரேலியாவின் மில்தூராவிலும் கோபுரம் இல்லை. 2023 ஜூன் 6 அன்று அங்கே ஒரு சிறிய பைப்பர் விமானமும் ஒரு டேஷ்-8 பயணிகள் விமானமும் ஒன்றையொன்று வெட்டும் ஓடுபாதைகளில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் புறப்பட்டன. பைப்பரின் விமானி 36 என்று சொல்வதற்குப் பதிலாக 35 என்று அறிவித்திருந்தார். மில்தூராவில் 35 என்ற ஓடுபாதையே கிடையாது. அது இருப்பது பக்கத்து ஊரான வென்ட்வொர்த்தில். இரண்டு ஊர்களுக்கும் பொது அலைவரிசை ஒன்றே. ஆகவே பைப்பர் வென்ட்வொர்த்தில் இருப்பதாக டேஷ்-8 விமானிகள் எண்ணிக்கொண்டார்கள். இம்முறை மோதல் நடக்கவில்லை.

குயின்சியிலும் மில்தூராவிலும் வானொலி வேலை செய்தது. காதில் குரல் விழுந்தது. யாருடைய குரல், எங்கிருந்து வருகிறது என்பதை ஊகத்தால் நிரப்பிக்கொண்டதுதான் இரண்டிலும் நடந்த பிசகு. இப்படி ஊகிக்க இடம் தராமல் இருக்கத்தான் அறிவிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். 'அக்கம்பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் குரல் கொடுப்பதை வேண்டாம் என்கிறது. அப்படிக் கேட்டால் யாரோ ஒருவர் பதில் சொல்லக்கூடும். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானா என்பது தெரியாது.

எந்த விமானம், எந்த ஓடுபாதை, எந்த ஊர்? இந்த மூன்றில் ஒன்று தெளியாவிட்டாலும் மறுபடி கேட்க வேண்டும். அதற்கு ஐந்து நொடி போதும். குயின்சியில் கிங் ஏர் புறப்படுவதற்கு முன் ஓடுபாதையில் சுமார் ஒரு நிமிடம் நின்றிருந்தது.