கடைக் கணக்குக்கு நாலு கட்டளை

நெல்லித்தோப்பில் மொத்த வியாபாரம் பார்க்கும் நாம் அறுபது வயதுக்கு மேல் லினக்ஸ் பழகுகிறோம். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது; உரிமக் கட்டணம் கிடையாது. சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' இதே இனம்தான்.

கறுப்புத் திரையைக் கண்டு மிரள வேண்டாம். 'எல்எஸ்' என்று தட்டினால் கோப்புகளின் பட்டியல் வரும், இருப்புப் பார்ப்பது போல. 'சிபி' நகலெடுக்கும். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். பெரிய எழுத்தை ஏற்காது. நமக்கு ஆதாயம் 'கிரெப்'தான். பற்று வரவை எழுத்துக்கோப்பாக வைத்து வாடிக்கையாளர் பெயரைக் கொடுத்தால், அவர் பெயருள்ள வரிகள் மட்டும் வந்து நிற்கும்.

'ஆர்எம்' அழிக்கும் கட்டளை. இதற்குக் குப்பைத்தொட்டி இல்லை. பாக்கிக் கணக்கு போனால் போனதுதான். முதலில் 'சிபி' கொடுத்து பென் டிரைவில் ஒரு நகல் எடுங்கள். பிறகு 'ஆர்எம்' உடன் 'மைனஸ் ஐ' சேருங்கள், கேட்டுவிட்டுத்தான் அழிக்கும்.