கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பகல்: புள்ளி விழுந்த திராட்சையை யார் வாங்குவது?

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரை, நம் நாட்டில் கோதாவரிக் கரையில் நாசிக். இங்கெல்லாம் திராட்சைத் தோட்டங்களையும் வைன் ஆலைகளையும் சுற்றிக் காட்டும் ஒருநாள் பயணங்கள் பிரபலம். வருகிறவர் பந்தலடியில் நடப்பார், ருசி பார்ப்பார், இரண்டு பாட்டில் வாங்கிப் போவார். தமிழ்நாட்டில் அதற்கு இணையான இடம் கம்பம் பள்ளத்தாக்கு. வைன் பாட்டில் கிடைக்காது. தோட்டமும் குடும்பமும் ஆறும் உண்டு.

மதுராந்தகம் பக்கம் நான் விளைவிக்கும் அரிசியை வாங்குகிற மயிலாப்பூர், தி.நகர், அடையாறு குடும்பத்தினர் பதினாலு பேரை அங்கே அழைத்துப் போயிருந்தேன். சென்ட்ரலில் போடி ரயில் ஏறி, காலையில் தேனியில் இறங்கி, வேனில் கம்பம். வழிகாட்டி, அந்த ஊர்க்கார இயற்கை விவசாயி ஒருவர். கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று சாலை நெடுகப் பந்தல்தான்.

இந்தப் பசுமைக்கு மூலம் தண்ணீர். பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை 1895இல் நிறைவடைந்தது. மேற்கே ஓடிய தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப் தாண்டி வைகையில் சேருகிறது. இங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு வெளிநாட்டுப் பெயர் மஸ்கட் ஹேம்பர்க். கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

நாங்கள் போன முதல் தோட்டம் அண்ணன் தம்பி இருவருடையது. இரண்டு ஏக்கர். ஒரு ஏக்கரில் ரசாயனத்தை நிறுத்தி மூன்றாவது வருஷம். எங்கள் குழுவில் ஒரு மாமி கொத்தைக் கையில் எடுத்து, "இதுல புள்ளி புள்ளியா இருக்கே, நல்லதா குடுங்கோ" என்றார். பெரியவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, அந்தப் புள்ளி இல்லாம வேணும்னா அந்தப் பக்கத்து ஏக்கர்ல பறிச்சுக்கங்க. ஆனா அது எத்தனை தடவ மருந்து குடிச்சிருக்குன்னு கேக்கப்படாது."

அன்றைய பயணத்தின் சாரம் எனக்கு அந்தப் பதிலில் கிடைத்தது. வைனுக்குப் போகும் பழத்தை யாரும் தட்டில் வைத்து அழகு பார்ப்பதில்லை. சின்னப் புள்ளி இருந்தாலும் அது பீப்பாய்க்குள் போய்விடும். நம் திராட்சை பெட்டியில் அடுக்கி, மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக் கடையில் பளபளவென்று நிற்க வேண்டும். வியாபாரி புள்ளியைக் காட்டி விலையைக் குறைக்கிறார். விவசாயி புள்ளிக்குப் பயந்து மருந்தடிக்கிறார். நம் கண்ணுக்கு அழகு கேட்டால், அதற்கான விலையை நம் வயிறும் அவர் மண்ணும் கொடுக்கின்றன.

திராட்சைக்குப் பெரிய எதிரி பூஞ்சணம். அடிச்சாம்பல் நோய்க்குப் பிரான்சில் மில்லார்டே என்ற அறிஞர் 1885இல் வெளியிட்ட தீர்வுதான் போர்டோ கலவை: மயில்துத்தமும் சுண்ணாம்பும். சாலையோரக் கொடிகளில் திருடர்கள் கைவைக்காமலிருக்க விவசாயிகள் தெளித்து வைத்திருந்ததைக் கண்டுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இயற்கை விவசாயத்திலும் இதற்கு அனுமதி உண்டு, அளவோடு. செம்பு மண்ணில் தங்கிவிடும், மண்புழுவுக்கு ஆகாது. அதனால்தான் ஐரோப்பாவில் ஹெக்டேருக்கு 7 வருஷத்தில் 28 கிலோ செம்புக்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள்.

அண்ணன் தம்பி கையாளும் வழி வேறு. கொடியில் நெருக்கமான இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் விடுகிறார்கள். சூடோமோனாஸ் தெளிக்கிறார்கள். முக்கியமாக, காலத்தைக் கணக்குப் பண்ணுகிறார்கள். கவாத்து செய்து சுமார் நாலு மாசத்தில் அறுவடை. ஆனி, ஆடியில் கவாத்து செய்தால் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். பழம் வெடிக்கும், அழுகும். அந்த ஒரு போகத்தையே விட்டுவிடுகிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வருஷம் முழுக்கப் பழம் பறிக்கும்போது இவர்கள் சும்மா நிற்பது லேசான காரியமில்லை. வங்கியில் முப்பது வருஷம் கடன் விண்ணப்பம் படித்தவன் நான். வரவு நிற்கிற மாதங்களில்தான் விவசாயி மறுபடி கந்துவட்டிக்குப் போவார். மருந்துக் கடைக்கும் போவார்.

அந்த மாதங்களைத் தாங்குவது வீட்டுப் பெண்கள் போடும் பழச்சாறு. புள்ளி விழுந்ததும் உதிர்ந்ததும் அதற்குப் போகின்றன. அழுகலையும் வெடித்ததையும் கழித்துவிடுகிறார்கள். கழுவி, காம்பு நீக்கி, நிறம் இறங்க மிதமாகச் சூடாக்கி, வடிகட்டி, 85 டிகிரிக்குக் கொண்டுபோய், சுடச்சுடப் பாட்டிலில் அடைக்கிறார்கள். பத்து கிலோவுக்கு ஏறத்தாழ ஆறு லிட்டர். சூடாக்காமல் வைத்தால் தோலிலுள்ள ஈஸ்ட் அதைப் புளிக்க வைத்துவிடும். உரிமமில்லாமல் மது காய்ச்சுவது நம் மாநிலத்தில் குற்றம், ஆகவே அந்த 85 டிகிரியில் கவனம் வேண்டும். விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் அவசியம்.

மாலையில் புறப்படும்போது அந்த மாமி புள்ளி விழுந்த பழம் நாலு கிலோவும், சாறு ஆறு பாட்டிலும் வாங்கினார். "வீட்ல கேட்டா, புள்ளிதான் சர்டிபிகேட்டுன்னு சொல்லிடறேன்" என்றார்.

மோசலில் ஆலை வாசலுக்கு வந்து வாங்குகிற வாடிக்கையாளர், இங்கே தோட்டத்து வாசலுக்கு வர வேண்டும். உங்கள் ஊரில் மாங்காயோ கொய்யாவோ நெல்லோ, எது விளைந்தாலும் வருஷத்துக்கு ஒரு நாள் நகரத்து வாடிக்கையாளர்களைக் கூட்டிப் போங்கள். நல்ல காய்ப்பு நாளில் மட்டும் வேண்டாம், புள்ளி விழுந்த பருவத்திலும் கூட்டிப் போங்கள். பழத்தின் மேலுள்ள புள்ளி ஏன் வந்தது என்று தெரிந்தவர் அதற்காக விலை குறைக்கக் கேட்பதில்லை. பயணச் செலவை அவர்களே பகிர்ந்துகொண்டார்கள், முன்பணமும் கொடுத்தார்கள்: அடுத்த போகத்துக்கு ஆளுக்கு பத்து கிலோ.