ஐரோப்பிய வங்கியில் ஓர் அமெரிக்கரின் கணக்கு

பணத்தைக் கையில் ஏந்தி வருகிறவரை வாயிலிலேயே நிறுத்தி, ‘உங்கள் பணம் எங்களுக்கு வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பும் வணிக நிலையம் உலகில் உண்டா என்று கேட்டால், இல்லை என்றே நம்மில் பலர் விடை கூறுவோம். ஆயினும் அத்தகைய நிலையங்கள் ஐரோப்பாவில் உண்டு. அவை வங்கிகள். திருப்பி அனுப்பப்படுகிறவரோ, செல்வத்தில் சிறந்த நாடு என்று பெயர் பெற்ற அமெரிக்க ஐக்கிய நாட்டின் குடிமகன். இந்த விந்தை எதனால் நேர்கிறது, அதைக் கடந்து கணக்குத் திறப்பதற்கு வழி என்ன என்பவற்றை இன்று காண்போம்.

பாஸ்டன் நகரில் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஸ்பெயின் நாட்டின் தென்கடற்கரையில், மலாகா நகருக்கு அருகே, சிறியதொரு வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் இரண்டு மாதம் அவர் அங்கே தங்குவார். ஏனைய பத்து மாதமும் பாஸ்டனில் இருப்பார். வீடு பூட்டிக் கிடந்தாலும் மின்சாரக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் நகராட்சி வரியும் பூட்டிக் கிடப்பதில்லை. அவற்றை உரிய நாளில் கணக்கிலிருந்து நேரே கழித்துக்கொள்வது அங்கே வழக்கம். எனவே அவருக்கு ஒரு கணக்கு வேண்டும். அவர் வங்கிக்குச் செல்கிறார். அங்கே அவரிடம் முதலில் கேட்கப்படுவது, எவ்வளவு பணம் கொண்டு வந்தீர்கள் என்பதன்று. நீங்கள் யார், எங்கே வசிக்கிறீர்கள், இப்பணம் உங்களுக்கு எவ்வாறு வந்தது என்னும் மூன்று வினாக்களே.

இவ்வினாக்களுக்கு ஒரு வரலாறு உண்டு. குற்றத்தால் ஈட்டிய பணம், வங்கி வங்கியாகப் புகுந்து வெளிவந்து, இறுதியில் நேர்மையான பணம் போலத் தோற்றம் கொள்வதைத் தடுக்கும் பொருட்டு, 1989-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கூடிய ஏழு பெருநாடுகளின் மாநாடு ஒரு பன்னாட்டுக் குழுவை அமைத்தது. 1991-இல் ஐரோப்பிய நாடுகள் இதற்கென முதற் கட்டளைச் சட்டத்தை இயற்றின. அது முதல், வாடிக்கையாளரை அறிந்துகொள்வது வங்கியின் கடமையாயிற்று. ஆகவே நம் ஆசிரியர் தம் பாஸ்போர்ட்டையும், பாஸ்டன் முகவரிக்குச் சான்றாக அண்மையில் வந்த கட்டணச் சீட்டையும், ஓய்வூதியத்திற்கான சான்றையும், அமெரிக்க வரி எண்ணையும் காட்ட வேண்டும். ஸ்பெயினில் வெளிநாட்டாருக்கென அரசு வழங்கும் அடையாள எண் ஒன்று உண்டு. அங்கே குடியிராதவர் என்பதற்குக் காவல் துறை வழங்கும் சான்றிதழும் உண்டு. இவற்றையும் வங்கி கேட்கக்கூடும். போர்ச்சுக்கலில் அந்நாட்டு வரி எண்ணை முதலில் பெற்றாக வேண்டும். ஒரு நாட்டு அரசு ஆவணத்தை மற்றொரு நாடு ஏற்பதற்கு, 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி ‘அப்போஸ்தில்’ என்னும் முத்திரைச் சான்று பொறிக்கப்படுவதும் உண்டு.

இத்தனையும் கொண்டுவந்த பின்னரும் வங்கி மறுக்கலாமா? மறுக்கலாம். இங்கேதான் குடியிருப்பவர், குடியிராதவர் என்னும் வேறுபாட்டை நாம் தெளிவாக உணர வேண்டும். 2014-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கட்டளைச் சட்டம் பிறப்பித்தது. ஒன்றியத்தினுள் சட்டப்படி வசிக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்குங்கூட, அடிப்படைக் கணக்கு ஒன்றைப் பெறும் உரிமை உண்டு என்று அது கூறுகிறது. முழுமையான விண்ணப்பம் வந்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி கணக்கைத் திறக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். விண்ணப்பித்தவரின் குடியுரிமையைக் காரணம் காட்டி வேற்றுமை பாராட்டுதல் ஆகாது. ஆனால் இவ்வுரிமை வசிப்பவருக்கே உரியது. பாஸ்டனில் வசிக்கும் நம் ஆசிரியருக்கு இவ்வுரிமை இல்லை. அவருக்குக் கணக்குக் கொடுப்பதும் கொடாததும் வங்கியின் விருப்பம்.

ஐரோப்பாவில் பயில வரும் அமெரிக்க மாணவரின் நிலை சற்று வேறு. வாடகைக்கு அறை கொடுப்பவர், ‘உன் வங்கிக் கணக்கு எங்கே?’ என்கிறார், வங்கியோ, ‘உன் முகவரி எங்கே?’ என்கிறது. கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்னும் பழமொழியின் கதைதான். ஜெர்மனியில் இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. மாணவர் தம் ஓராண்டுச் செலவுக்கான தொகையை முன்னதாகவே ஒரு தடைக்கணக்கில் செலுத்திவிடலாம். அத்தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோ என உயர்த்தப்பட்டது. மாதம் 992 யூரோவுக்கு மேல் அதிலிருந்து எடுக்க இயலாது. பின்னர் அவர் வசிப்பிட அனுமதி பெற்றுவிட்டால், முன் சொன்ன அடிப்படைக் கணக்கின் உரிமை அவருக்கும் வந்து சேரும்.

இனி, பிற நாட்டாரைக் காட்டிலும் அமெரிக்கரைக் கண்டு வங்கிகள் மிகுதியாகத் தயங்குவது ஏன் என்று பார்ப்போம். பெரும்பாலான நாடுகள் தம் எல்லைக்குள் வசிப்பவரிடமே வரி வாங்குகின்றன. அமெரிக்காவோ, தன் குடிமகன் உலகின் எம்மூலையில் வாழ்ந்தாலும், அவனுடைய வருமானம் முழுவதற்கும் கணக்குக் கேட்கிறது. 1860-களில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரின்போது வேர்விட்ட கொள்கை இது. மெக்சிகோவில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவர் இதனை எதிர்த்து வழக்காடியபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1924-இல் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. இம்முறையைக் கையாளும் மற்றொரு நாடு ஆப்பிரிக்காவின் எரித்திரியா.

வரி கேட்பது எளிது. மறைத்து வைத்திருப்பதைக் கண்டுபிடிப்பது அரிது. சுவிட்சர்லாந்தின் 1934-ஆம் ஆண்டு வங்கிச் சட்டம், வாடிக்கையாளரின் இரகசியத்தை வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அந்த மறைவில் அமெரிக்கச் செல்வர் பலர் தம் பணத்தைப் பதுக்கினர். 2009-ஆம் ஆண்டில் யூ.பி.எஸ். என்னும் சுவிஸ் பெருவங்கி, அமெரிக்கர் வரி ஏய்க்கத் துணை நின்றதை ஒப்புக்கொண்டு, 78 கோடி டாலர் செலுத்த இசைந்தது. மறு ஆண்டே, 2010 மார்ச்சில், ‘ஃபாட்கா’ என்று சுருக்கமாக வழங்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறிற்று.

இச்சட்டத்தின் செயல்முறை நுட்பமானது. அயல்நாட்டு வங்கிகள் தம்மிடமுள்ள அமெரிக்கரின் கணக்குகளைக் கண்டறிந்து அறிவிக்க வேண்டும். தவறினால், அமெரிக்காவிலிருந்து அவ்வங்கிகளுக்கு வரும் வட்டி, பங்காதாயம் போன்றவற்றில் நூற்றுக்கு முப்பது பிடித்துக்கொள்ளப்படும். டாலர் புழங்காத பெருவங்கி உலகில் இல்லையாதலால், 2014 ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது வங்கிகள் பணிந்தன. ஐரோப்பிய நாடுகள் பலவும் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி வங்கி தன் நாட்டு வரித்துறைக்கு அறிவிக்கும். அத்துறை அமெரிக்காவுக்கு அனுப்பும். இவ்வேலைக்கு ஆள் வேண்டும், பொருள் வேண்டும். சிறு கணக்கொன்றில் கிடைக்கும் ஆதாயத்தைவிட இச்செலவு மிகுதி என்று கருதும் வங்கி, ‘அமெரிக்கரே வேண்டாம்’ என்று முடிவு செய்கிறது. பெருஞ் செல்வரைப் பிடிக்க விரித்த வலையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் சிக்கிக்கொள்கிறார். அவராவது அமெரிக்கர் என்று அறிந்தே வந்தார். பெற்றோர் அமெரிக்காவில் இருந்த காலத்தில் அங்கே பிறந்து, குழந்தையாகவே ஐரோப்பா திரும்பி, அமெரிக்க மண்ணை மீண்டும் மிதியாதவர்களும் இவ்வலையில் அகப்பட்டனர். பாஸ்போர்ட்டில் எழுதிய பிறந்த ஊரே அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

எனினும் அமெரிக்கரை ஏற்கும் வங்கிகளும் உள்ளன. அவை வாடிக்கையாளரிடம் அமெரிக்க வரி எண்ணைக் குறிக்கும் ஒரு படிவத்தில் கையொப்பம் பெறுகின்றன. குடியுரிமையை மறைக்காமல் கூறி அப்படிவத்தை நிரப்புவதே அறிவுடைமை. மறைத்துப் பெற்ற கணக்கு பின்னொருநாள் முடக்கப்படலாம்.

கணக்கு கிடைத்துவிட்டால் கடமை முடிந்ததா? இல்லை. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஓர் அமெரிக்கரின் அயல்நாட்டுக் கணக்குகள் அனைத்தின் கூட்டுத்தொகை ஆண்டில் எந்த நாளிலேனும் 10,000 டாலரைத் தாண்டினால், அவர் அதனை அரசுக்கு அறிவித்தாக வேண்டும். ஒரு கணக்கில் 6,000, மற்றொன்றில் 5,000 இருப்பின், தனித்தனியே வரம்புக்குள் அடங்கினும், கூட்டுத்தொகை 11,000 ஆகிவிடுவதைக் கவனியுங்கள். இது வரியன்று, வெறும் அறிவிப்பே. ஏப்ரல் 15-ஆம் நாள் அதற்குரியது. தவறியோருக்கு அக்டோபர் 15 வரை தானாகவே தவணை உண்டு. அமெரிக்காவில் வசிக்கும் மணமாகாதவரின் அயல்நாட்டுச் சொத்து ஆண்டிறுதியில் 50,000 டாலரைத் தாண்டினால், வருமான வரிக் கணக்குடன் வேறொரு படிவமும் இணைக்க வேண்டும். ஒன்றைச் செய்தவர் மற்றொன்றை விட்டுவிடலாம் என்பதில்லை.

அறியாமல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு பிட்னர் வழக்கு ஒரு பாடம். ருமேனியாவில் பிறந்து, அமெரிக்கக் குடிமகனாகி, மீண்டும் தாய்நாடு திரும்பிய ஒருவர், ஐந்தாண்டுகள் இவ்வறிவிப்பை உரிய காலத்தில் அளிக்கவில்லை. அவ்வாண்டுகளுக்குரிய கணக்குகளை எண்ணியபோது 272 என வந்தது. கணக்கொன்றுக்குப் பதினாயிரம் டாலர் வீதம் 27 லட்சத்து 20 ஆயிரம் டாலர் தண்டம் கேட்டது அரசு. தண்டம் கணக்கின் தொகைக்கன்று, அளிக்கத் தவறிய அறிக்கையின் தொகைக்கே என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து அறிக்கைகளுக்கு ஐம்பதாயிரம் டாலராகத் தண்டம் சுருங்கிற்று. ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமும் நின்றனர் என்றால், அத்தீர்ப்பு எவ்வளவு நூலிழையில் தொங்கிற்று என்பது விளங்கும்.

கணக்கின் பயன்களையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வங்கி வீழ்ந்துபடினும், வைப்பாளர் ஒருவருக்கு அவ்வங்கியில் 1,00,000 யூரோ வரை காப்பு உண்டு. காப்பில் குடிமகன், அயலான் என்ற வேறுபாடு இல்லை. மேலும், கணக்குக்கு ‘ஐபான்’ என்னும் பன்னாட்டு எண் வழங்கப்படுகிறது. நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், சரிபார்க்கும் இரண்டு இலக்கங்கள், பின்னர் வங்கியும் கணக்கும் என்பது அதன் அமைப்பு. முதல் நான்கு குறிகளை இறுதிக்கு மாற்றி, ஆங்கில எழுத்துகளுக்கு முறையே 10 முதல் 35 வரை எண் கொடுத்து, முழுவதையும் 97-ஆல் வகுத்தால் மீதி ஒன்று வர வேண்டும். வராவிட்டால் எங்கோ எழுத்துப்பிழை என்று பொருள். கணிதம் காவற்காரனாக நிற்கும் அழகை மாணவர்கள் தாமே வகுத்துப் பார்த்து மகிழலாம்.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. 2015 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவுடன் இவ்வொப்பந்தத்தில் கையொப்பமிட்டது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர் சென்னையிலோ மதுரையிலோ வைத்திருக்கும் கணக்கும், மலாகாவில் உள்ள கணக்கைப் போலவே, அறிவிப்புக்கு உரியது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். வங்கி இரகசியத்தின் பெயரால் செல்வர் வரி ஏய்த்த காலம் மறைந்து வருவது நன்றே. ஆனால் பெரியவரின் குற்றத்தைத் தடுக்க எழுப்பிய வேலி, சிறியவரின் நடைபாதையை அடைத்துவிடலாகாது. அளக்கும் கோல் ஒன்றே ஆயினும், அளக்கப்படுவோர் யார் என்று பார்த்து அளப்பதுதான் முறை. அம்முறையை வகுக்கும் பொறுப்பு, இன்று கல்லூரியில் சட்டமும் பொருளியலும் பயில்கின்ற உங்களைப் போன்றோரிடமே நாளை வந்து சேரும்.