கார் உட்புற பிளாஸ்டிக்கிற்கு வீட்டிலேயே வர்ணம் பூசலாமா? ஏர்பேக் மூடியில் மட்டும் கூடாது - ஏன்?

நெய்யாற்றின்கரை: கேரள - தமிழக எல்லையில் அமைந்துள்ள பாறசாலை, பெருங்கடவிளை பகுதிகள் ஆண்டுக்கு இரண்டு பருவமழைகளைக் காண்பவை. வெயிலும் ஈரக்காற்றும் மாறி மாறித் தாக்கும் இத்தகைய ஊர்களில், காரின் உட்புற பிளாஸ்டிக் பாகங்கள் நாளடைவில் வெளுப்பதும் பிசுபிசுப்பதும் உண்டு. வீட்டிலேயே வர்ணம் பூசி இவற்றைப் புதுப்பிக்க முடியும். ஆனால், இடம் தவறிப் பூசினால் உயிர் காக்கும் ஏர்பேக்கின் செயல்பாடே பாதிக்கப்படலாம்.

பிசுபிசுப்பு ஏன்?

தொடுவதற்கு மென்மையாக இருப்பதற்காகச் சில கார்களின் சுவிட்சுகள், கைப்பிடிகள் மீது பாலியூரிதேன் பூச்சு அளிக்கப்படுகிறது. வெப்பத்துடன் ஈரப்பதமும் சேரும்போது இப்பூச்சு சிதைந்து பசை போலாகிறது. அதன் மேல் அடிக்கும் வர்ணம் நிலைக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பழைய பூச்சை முழுவதுமாக அகற்ற வேண்டும்.

எந்த வகை பிளாஸ்டிக்?

கழற்றிய பாகத்தின் பின்புறத்தில் பெரும்பாலும் பிளாஸ்டிக் வகையின் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். 'ஏபிஎஸ்' வகையில் வர்ணம் எளிதில் பிடிக்கும். 'பிபி' எனப்படும் பாலிபுரொப்பிலீனில் எளிதில் ஒட்டாது. அதற்கு 'அடிஷன் புரமோட்டர்' எனப்படும் ஒட்டுத்திறன் கூட்டும் திரவத்தை முதலில் பூச வேண்டும்.

செய்முறை என்ன?

* டேஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிகான் சிறிதளவு எஞ்சியிருந்தாலும் வர்ணத்தில் குழிகள் விழும். எனவே, சோப்பு நீரால் கழுவி, ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.
* 400 முதல் 600 எண் வரையிலான வாட்டர் பேப்பரால் மெதுவாகத் தேய்க்க வேண்டும்.
* 20 முதல் 30 செ.மீ. தொலைவிலிருந்து, மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை ஸ்பிரே செய்ய வேண்டும்.
* மழை நாள்களைத் தவிர்ப்பது நல்லது. ஈரப்பதம் மிகுந்தால் பூச்சின் மேல் வெண்மை படரும்.
* வர்ணத்தின் ஆவி தீங்கு விளைவிப்பதுடன் எளிதில் தீப்பற்றக் கூடியது. காருக்குள் அடிக்காமல், பாகங்களை வெளியே எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் பூச வேண்டும். ஸ்பிரே கேனை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது.

டேஷ்போர்டின் மேற்பகுதிக்குப் பளபளப்பான வர்ணம் ஏற்றதல்ல. அது முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். மேட் வகையே பாதுகாப்பானது.

ஏர்பேக் எச்சரிக்கை

விபத்தின்போது ஏர்பேக், நொடியின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் விரிகிறது. அதற்கு வழிவிட, மூடியில் மெல்லிய பிளவுக்கோடு அமைக்கப்பட்டுள்ளது. வர்ணம் அக்கோட்டை இறுக்கினால் மூடி திறக்கும் விதம் மாறலாம். உடைந்த துணுக்குகள் முகத்தில் தெறிக்கவும் கூடும். எனவே, ஸ்டீயரிங் நடுப்பகுதி உள்ளிட்ட, 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என எழுதப்பட்ட எந்தப் பாகத்திலும் வர்ணம் பூசக் கூடாது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம் என்பதால், சிறிய கார்களுக்கும் இது பொருந்தும். ஏர்பேக் அருகிலுள்ள பாகங்களைக் கழற்றும் வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

காரின் வெளிப்புற நிறம் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவதால், அதை மாற்ற ஆர்டிஓ அலுவலகத்தின் ஒப்புதல் தேவை. உட்புற பிளாஸ்டிக்கின் நிறம் சான்றிதழில் பதிவாவதில்லை. எனினும், தயாரிப்பாளர் வகுத்த மூல அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என, கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது குறிப்பிடத்தக்கது.